கேஸ் ஃப்ரிட்ஜில் கூலிங் பத்தவில்லையா? யூனிட்டைக் குறை சொல்வதற்கு முன்

கரண்ட் இல்லாமல், சமையல் கேஸிலேயே ஓடும் ஃப்ரிட்ஜ் உண்டு. டெல்டாவில் அது வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள் இல்லை. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் கரண்ட் கம்பி எட்டாத இறால் பண்ணைக் கொட்டகை, கொள்ளிடக்கரைப் படுகைத் தோட்டம், வெளிநாட்டிலிருந்து வந்த வேன் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கண்ணில் படும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்டை நம்பாத ஃப்ரிட்ஜ் என்ற எண்ணம் அதன்பிறகு பலருக்கு வந்தது.

இதன் உறவுக்காரன் ஒருவனை நீங்கள் பார்த்திருக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் ஹோட்டல் அறைகளில் மேஜைக்கு அடியில் சத்தமே இல்லாமல் நிற்கும் குட்டி ஃப்ரிட்ஜ்தான் அது. அவற்றில் பலவற்றுக்குக் கம்ப்ரசர் கிடையாது. தீ எரிகிற இடத்தில் ஒரு சின்ன மின் ஹீட்டர் இருக்கும், மற்றபடி உள்ளே எல்லாம் ஒன்றுதான். ஹோட்டல்காரர்கள் மாற்றும்போது அவை பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்கும் போகின்றன.

இந்த எல்லா ஃப்ரிட்ஜுக்கும் வரும் புகார் ஒன்றுதான்: "ஓடுது, ஆனா கூலிங் பத்தல." கேட்டதுமே பலர் சொல்லும் தீர்ப்பும் ஒன்றுதான்: "உள்ளே கேஸ் போயிடுச்சு, யூனிட்டை மாத்தணும்." கம்ப்ரசர் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். யூனிட் என்பது பின்னால் இருக்கும் சீல் வைத்த குழாய்த் தொடர், அதற்குள் தேய்வதற்கு எதுவும் இல்லை. மோட்டார் இல்லை, பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. குறை பெரும்பாலும் குழாய்க்கு வெளியே இருக்கும். தீயில், மட்டத்தில், பின்பக்கக் காற்றில், கதவில் என்று நாமே கண்ணால் பார்த்துச் சரிசெய்யக்கூடிய இடங்கள் அவை. அதற்கு இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் புரிந்திருந்தால் போதும்.

தீயிலிருந்து எப்படிக் குளிர் வருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது நமக்குத் தெரியும். பானை மேல் கசியும் நீர் ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. சித்திரையில் காற்று வறண்டு வீசும் நாளில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே பானை அவ்வளவாகக் குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்துவிட்டது, இனி ஆவியாகி எங்கே போவது?

கேஸ் ஃப்ரிட்ஜில் தண்ணீரின் இடத்தில் அம்மோனியா இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வறண்ட காற்றின் இடத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. திரவ அம்மோனியா ஃப்ரீசர் பக்கம் இருக்கும் குழாய்க்குள் வழிந்து வரும்போது, அங்கே அம்மோனியா ஆவி அதிகம் இல்லாத ஹைட்ரஜன் காத்திருக்கும். வறண்ட காற்றில் பானை நீர் ஆவியாவது போல அம்மோனியா அதில் சுலபமாக ஆவியாகும், பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். குளிர் என்பது இவ்வளவுதான்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஹைட்ரஜனும் அடைமழைக் காற்று மாதிரி அம்மோனியாவால் நிறைந்துவிடுமே? அதற்குத்தான் தண்ணீர். அம்மோனியாவைச் சுமந்த ஹைட்ரஜன் கனத்துப்போய், ஃப்ரிட்ஜின் பின்னால் கீழ்ப்பகுதியில் வளைந்து வளைந்து இருக்கும் குழாய்க்கு இறங்கி வரும். அதற்கு அப்ஸார்பர் என்று பெயர். அந்தக் குழாய்க்குள் தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டிருக்கும். தண்ணீர் அம்மோனியாவை ஆவலாகக் கரைத்துக்கொள்ளும், ஹைட்ரஜனைத் தொடாது. ஆகவே ஹைட்ரஜன் மறுபடி வறண்டு, இலேசாகி, மேலே ஏறிப் போய்விடும்.

அம்மோனியா கரைந்த தண்ணீர் கீழே தொட்டியில் சேர்ந்து பாய்லருக்குப் போகும். அங்கேதான் நம்முடைய சின்ன நீலத் தீ எரிகிறது. சூட்டில் அம்மோனியா குமிழ் குமிழாகப் பிரியும். ஒல்லியான குழாயில் ஏறும் அந்தக் குமிழ்களே தண்ணீரையும் மேலே தூக்கிவிடும். இந்தப் பெட்டியில் இருக்கும் ஒரே பம்ப் இதுதான். தூக்கப்பட்ட தண்ணீர் அப்ஸார்பரின் மேல்முனைக்குப் போய் மறுபடி வழியத் தொடங்கும். அம்மோனியா ஆவி உச்சியில் தகடுகள் கோத்த கண்டென்ஸருக்குப் போய், அறைக் காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, மறுபடி ஃப்ரீசர் பக்கம் வழியும். குழாய்க்குள் அழுத்தம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 20 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 20 மடங்கு, அல்லது அதற்கு மேல். ஹைட்ரஜன் இருப்பதால்தான் அழுத்த வித்தியாசம் இல்லாமலே ஆவியாதலும் திரவமாதலும் ஒரே குழாய்த் தொடருக்குள் நடக்கின்றன.

1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவர் உருவாக்கிய ஏற்பாடு இது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இதிலிருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது மூன்று. திரவங்கள் எல்லாம் புவியீர்ப்பில்தான் வழிகின்றன, ஆகவே பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். பாய்லரில் போதுமான சூடு, நின்று நிதானமாகக் கிடைக்க வேண்டும். உள்ளிருந்து இழுத்த வெப்பம், தீ கொடுத்த வெப்பம் இரண்டும் பின்பக்கம் வழியாக வெளியே போயாக வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

முதலில் அளந்து பாருங்கள்

தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னு இல்ல" என்று சொன்னால் போதாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து நடுத்தட்டில் ஒரு ராத்திரி விட்டு, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் ஃப்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது. 8, 10 என்றால் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் காற்றின் சூடு கதவைத் திறந்த உடனே மாறிவிடும். தண்ணீரின் சூடு அப்படிச் சட்டென்று மாறாது, ஆகவே இந்தக் கணக்கை நம்பலாம்.

அதோடு இந்த ஃப்ரிட்ஜ் மெதுவானது. தீ மூட்டிச் சில மணி நேரம் கழித்துத்தான் ஃப்ரீசரில் குளிர் தெரியத் தொடங்கும். முழுக் குளிருக்கு ஒரு நாள் ஆகலாம். மத்தியானம் பற்றவைத்துவிட்டுச் சாயங்காலம் "வேலை செய்யல" என்று சொல்லக் கூடாது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்ட பிறகே பற்றவைக்க வேண்டும். குழாய்க்குள் இடம் மாறிய திரவம் தன் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும்.

வெப்பத்தை இழுக்கும் சக்தியும் கம்ப்ரசரைவிடக் குறைவுதான். கரையிலிருந்து வந்த மீனையோ இறாலையோ அப்படியே கூடையோடு உள்ளே வைத்தால், அன்றைக்கு முழுதும் அது அந்தச் சூட்டோடு மட்டும்தான் போராடும். முதலில் ஐஸில் போட்டுக் குளிரவைத்துவிட்டு உள்ளே வையுங்கள். குழம்புச் சட்டியும் ஆறிய பிறகுதான். தட்டு முழுவதும் அடைத்துவைத்தாலும், மேலே குளிர் தரும் தகடுகளை மறைத்து எதையாவது வைத்தாலும் உள்ளே காற்று ஓடாது.

கதவு ரப்பரைச் சோதிக்கச் சின்ன வழி இருக்கிறது. ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. டெல்டாக் காற்றில் ஈரம் அதிகம். புகும் ஈரம் எல்லாம் உள்ளே தகடுகளில் பனியாக ஒட்டும், பனி தடித்தால் அதுவே கம்பளி மாதிரி குளிரை மறிக்கும். விரலை மறைக்கும் அளவுக்குப் பனி இருந்தால் அணைத்துக் கதவைத் திறந்துவைத்துக் கரையவிடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்ப்பது வேண்டவே வேண்டாம். ஒரு குத்து குழாயில் பட்டால் அதோடு ஃப்ரிட்ஜ் முடிந்தது.

மட்டம்

நம்முடையது களிமண் பூமி. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். கொட்டகைத் தரை போன வருஷம் மட்டமாக இருந்தது என்பதற்காக இந்த வருஷமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி, ஃப்ரிட்ஜின் மேல்தலையில் வைக்காமல் ஃப்ரீசர் தரையில் வைத்து, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் பாருங்கள். மேல்தகடு வளைந்திருக்கலாம், ஃப்ரீசர் தரைதான் உள்ளே குழாய் நிற்கும் நிலையைச் சொல்லும்.

இப்போதைய மாடல்கள் பொதுவாகப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி சாய்வு வரை தாங்கும். அரை மீட்டர் அகலப் பெட்டியில் 3 டிகிரி என்பது ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்திருப்பது. பழைய மாடல்களுக்கு இந்த அளவு பொறுமை கிடையாது.

சாய்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கூலிங் குறைவதோடு போகாது. திரவம் வழியில் எங்காவது தேங்கிவிடும், பாய்லருக்கு வந்து சேராது. பாய்லர் வறண்டு அளவுக்கு மீறிச் சுடும். துரு பிடிக்காமல் இருக்க உள்ளே சோடியம் குரோமேட் என்ற ரசாயனம் கலந்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் அது பிரிந்து கட்டியாகி ஒல்லிக் குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் திரும்பக் கரைக்க வழியில்லை. மட்டம் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பற்றவைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

பின்பக்கக் காற்று

எனக்குத் தெரிந்து டெல்டாவில் கூலிங் குறைவுக்கு முதல் காரணம் இதுதான். "இடம் அடைக்குது" என்று ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுகிறோம். கடப்பைக்கல் தட்டுக்கு அடியில் கச்சிதமாகச் செருகிவிடுகிறோம். தலைமேல் அரிசிச் சாக்கு, பின்னால் பழைய பேப்பர் கட்டு. கண்டென்ஸருக்கும் அப்ஸார்பருக்கும் மூச்சு விட இடமில்லை.

மே மாதத்தில் தஞ்சாவூரில் பகல் 38 டிகிரியைத் தாண்டுவது சகஜம். தகரக் கூரைக்குக் கீழே, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், தீயின் சூடும் சேர்ந்தால் அதைவிட நிறையவே ஏறும். இந்த வகை ஃப்ரிட்ஜ் சுற்றுப்புறத்தைவிட இவ்வளவு டிகிரி குறைவாகக் குளிர்விக்கும் என்றுதான் கணக்கு. சிறிய பெட்டிகளில் அது 25 டிகிரி அளவில் நின்றுவிடும். பின்னால் 45 டிகிரி தேங்கியிருந்தால் உள்ளே 20 டிகிரிதான் கிடைக்கும், அதற்கு ஃப்ரிட்ஜைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்கும்போதே பெயர்ப்பலகையில் க்ளைமேட் கிளாஸ் என்று இருப்பதைப் பாருங்கள். 'என்' (N) என்ற எழுத்து இருந்தால் 32 டிகிரி வரைக்கும் செய்தது. 'எஸ்டி' (ST) 38 வரை, 'டி' (T) 43 வரை. ஐரோப்பாவில் ஓடிய பழைய பெட்டி 'என்' வகையாக இருந்தால், நம் ஊர்க் கோடையில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

கீழே குளிர்ந்த காற்று நுழைய வழி வேண்டும். சூடான காற்று மேலே போக வழி வேண்டும். இரண்டுக்கும் இடையே காற்று தகடுகளை உரசிக்கொண்டு ஏற வேண்டும். கீழ் வழி இருந்து மேல் வழி இல்லையென்றால் சூடு அங்கேயே நிற்கும். பின்னால் இடைவெளி மிக அதிகமாக இருந்தாலும் காற்று தகடுகளைத் தொடாமல் சுவரோரமாகவே ஏறிப் போய்விடும். அதற்கு ஒரு தகரத் துண்டைச் சாய்வாக வைத்துக் காற்றைக் கண்டென்ஸர் பக்கம் திருப்பிவிடலாம். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றைக் கண்டென்ஸருக்கு மேலே, காற்றை வெளியே இழுக்கிற மாதிரி பொருத்தினால் கோடையில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். தீ எரியும் பக்கம் மட்டும் காற்று அடிக்கக் கூடாது, தீ ஆடும், அணைந்தும் போகும்.

காற்றுதான் குறையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, விடியற்காலைக் கணக்கையும் மத்தியானக் கணக்கையும் ஒப்பிடுவது. விடியலில் 4 டிகிரி, மத்தியானம் 12 டிகிரி என்றால் தீயும் யூனிட்டும் சரியாக இருக்கின்றன, வெப்பம் வெளியேற வழிதான் இல்லை. இரண்டு நேரமும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் தீயைப் பாருங்கள்.

தீ

பின்பக்கம் கீழே ஒரு சின்னத் தகட்டை நீக்கினால் பர்னர் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுத் தீயைப் பாருங்கள். நீலமாக, கூர்மையாக, ஆடாமல், மேலே இருக்கும் புகைக்குழாயின் நடுவில் போக வேண்டும். மஞ்சள் கலந்தாலோ, சோம்பலாக ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கேஸ் வரும் சின்ன முனையான ஜெட்டும் பர்னரும் அழுக்காகிவிட்டன என்று அர்த்தம்.

மஞ்சள் தீயில் கூலிங் மட்டும் பிரச்சினை இல்லை. அது கரி கக்கும், கார்பன் மோனாக்சைடும் கக்கும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும். கேஸ் ஃப்ரிட்ஜின் புகைக்குழாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும், அது இருக்கும் அறையில் ஜன்னலை முழுக்க அடைத்துத் தூங்கக் கூடாது. வேனிலும் இதேதான். இந்த ஒரு விஷயத்தில் சமாதானமே கூடாது.

வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணைக் கொட்டகையில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். "அண்ணே, யூனிட் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, எடைக்குப் போட்டுறலாமா?" என்று கேட்டார் அங்கிருந்த தம்பி. பின்தகட்டைக் கழற்றினால் பர்னருக்குக் காற்று நுழையும் ஓட்டையைப் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு, விரல்நுனி அளவுக்குக் குளவி கட்டிய மண்கூடு. மீதி இடத்தில் ஒட்டடை. தீ மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சளாக நின்றது. புகைக்குழாய்க்குள் தொங்கும் தகடு முழுக்கக் கரி, தொட்டால் கையில் மை மாதிரி வந்தது. உப்புக்காற்றில் பர்னர் முனையிலும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சுத்தம் செய்து பற்றவைத்ததும் தீ நீலமானது. மறுநாள் காலை ஃப்ரீசர் தட்டில் தண்ணீர் உறைந்திருந்தது.

சுத்தம் செய்யும் முறை இது. சிலிண்டர் வால்வை மூடி, எல்லாம் முழுக்க ஆறட்டும். பர்னரை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலிருந்து விழும் கரி அதற்குள்ளேயே போய் அடைக்கும். புகைக்குழாயின் மேல்முனையில் கம்பியில் ஒரு முறுக்குத் தகடு தொங்கும். அது சூடான புகையைச் சுழலவைத்துப் பாய்லர் சுவரில் உரசவிடும். அதை வெளியே எடுத்து, எவ்வளவு ஆழத்தில் தொங்கியது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே உயரத்தில்தான் தொங்க வேண்டும், உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பாய்லருக்குப் போகும் சூடு குறையும். இந்தத் தகடு துருவேறி அறுந்து, பர்னர் மேலேயே விழுந்து கிடப்பதும் கடலோர ஊர்களில் நடப்பதுதான். புகைக்குழாயை நீளப் பிரஷால் மேலும் கீழும் தேய்த்துவிடுங்கள்.

ஜெட் என்பது நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓட்டை உள்ள சின்னப் பித்தளை முனை. இதைத்தான் எல்லோரும் கெடுத்துவிடுகிறார்கள். ஊசியாலோ ஒயராலோ குத்தக் கூடாது. அந்த ஓட்டையின் அளவுதான் தீயின் அளவு, ஒரு மயிரிழை பெரிதானாலும் தீ கெட்டுப்போகும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுத்தமாகவில்லை என்றால் புதிதாக, அதே எண் போட்ட ஜெட் வாங்குங்கள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, கழற்றிய ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சி.

அடுத்து கேஸ் அழுத்தம். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குளிர்நாடுகளில் பியூட்டேன் ஆவியாகாமல் தீ சுருங்கும் தொல்லை உண்டு, நம் வெயிலில் அது இல்லை. வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபாரில் கேஸ் தரும். வெளிநாட்டு ஃப்ரிட்ஜின் பெயர்ப்பலகையில் 28–30 மில்லிபார் என்று இருந்தால் சரி. 37 என்றோ 50 என்றோ இருந்தால், நம் ரெகுலேட்டரில் தீ எப்போதும் சின்னதாகவே இருக்கும், அதற்கேற்ற ஜெட்டோ ரெகுலேட்டரோ தகுதியான மெக்கானிக் வைத்து மாற்ற வேண்டும். இதற்குக் குறுக்குவழியாகக் கல்யாண மண்டபத்து அடுப்புக்கு மாட்டும் ஹை பிரஷர் ரெகுலேட்டரைப் பொருத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜின் சின்னக் கேஸ் வால்வு அதற்காகச் செய்தது இல்லை. கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பதும் அப்படியே. திரவமாகவே கேஸ் வந்து தீ சீறும், அடியில் தங்கிய எண்ணெய்ப் பசை ஜெட்டில் ஏறும்.

தெர்மோஸ்டாட் விஷயம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பல பழைய கேஸ் ஃப்ரிட்ஜ்களில் போதுமான குளிர் வந்ததும் தீ அணையாது, பெரிய தீ சின்னத் தீயாக மாறும். குமிழை உச்சத்துக்குத் திருப்பினால் தீ பெரிதாக வேண்டும். கடைசி வரை சின்னதாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து உள்ளே போகும் ஒல்லியான செப்புக் குழாயின் நுனி, குளிர்த் தகட்டில் கிளிப்போடு ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். கழன்று தொங்கினால் அது தவறான சூட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

பற்றவைத்துக் குமிழிலிருந்து கையை எடுத்ததும் தீ அணைந்துவிடுகிறது என்றால் தெர்மோகப்பிளைச் சந்தேகப்படுங்கள். தீயில் நனையும் அந்தக் கம்பிமுனை சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கிக் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்தால் கேஸும் நின்றுவிட வேண்டும் என்பதற்கான பாதுகாப்பு அது. முனையைத் துடைத்து, தீயின் நடுவில் படும்படி வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். குமிழை எதையாவது வைத்து அமுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது வீட்டுக்கே ஆபத்து. கேஸ் வாடை வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

கரண்டில் ஓட்டிப் பார்ப்பது

கேஸ், கரண்ட் இரண்டிலும் ஓடும் மாடலாக இருந்தால் நல்ல ஒரு சோதனை கையில் இருக்கிறது. கேஸை மூடிவிட்டு ஒரு நாள் முழுக்க 230 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். கரண்டில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் குறை முழுக்கத் தீயின் பக்கம். இரண்டிலும் குளிரவில்லை என்றால் மட்டம், காற்று, கடைசியில் யூனிட்.

இந்தச் சோதனையில் நம் ஊரில் ஒரு பள்ளம் இருக்கிறது, வோல்டேஜ். பம்புசெட்டெல்லாம் ஓடும் நேரத்தில் கிராமத்து வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் என்றால் உறுமும், நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். ஹீட்டர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஹீட்டரின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 180 வோல்ட்டில் கிடைப்பது முழுச் சூட்டில் 61 சதவீதம்தான். பாய்லரில் குமிழ் சரியாக வராது, பெட்டி அரைகுறையாகக் குளிரும். ஹோட்டலிலிருந்து வந்த குட்டி ஃப்ரிட்ஜில் வீட்டுக்கு வந்ததும் கூலிங் இல்லை என்றால், முதலில் மல்டிமீட்டரில் பிளக்கில் வோல்டேஜைப் பாருங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் மின்தடையை (ஓம்) பாருங்கள். 70 வாட் ஹீட்டர் என்றால் 750 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். முடிவே இல்லாமல் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாம்.

யூனிட் போய்விட்டதா?

மட்டம் சரி, காற்று சரி, தீ நீலம், வோல்டேஜும் சரி. அப்படியும் ஒரு நாள் கழித்துக் குளிரவில்லை என்றால் இப்போது யூனிட்டைப் பார்க்கலாம். பாய்லர் கடுமையாகச் சுடும், அங்கே கை வைக்கக் கூடாது. கீழே அப்ஸார்பர் வளைவுகளின் அருகே கையைக் கொண்டுபோனால் வெதுவெதுப்பைத் தாண்டிய சூடு தெரிய வேண்டும். பாய்லர் தகிக்கிறது, அப்ஸார்பர் மட்டும் அறைச் சூட்டிலேயே இருக்கிறது என்றால் திரவம் சுற்றவில்லை, குழாய் அடைத்துவிட்டது.

அம்மோனியா வாடை மூக்கைக் குத்தினாலோ, பின்பக்கக் குழாயில் எங்காவது மஞ்சள் பொடியோ மஞ்சள் கறையோ தெரிந்தாலோ கசிந்துவிட்டது. அந்த மஞ்சள் சோடியம் குரோமேட், விஷம். வெறுங்கையால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். தீயை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அம்மோனியா நுரையீரலை அரிக்கும், ஹைட்ரஜன் தீப்பற்றும்.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தால் சரியாகும் என்று ஒரு பழைய வைத்தியம் சொல்வார்கள். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்து, திரவம் இடம் மாறிச் சுற்றோட்டம் நின்ற பெட்டிக்கு அது சில நேரம் பலித்திருக்கிறது. கேஸ் இணைப்பைக் கழற்றி, முழுக்க ஆறிய பிறகு, கசிவு எதுவும் இல்லை என்றால் செய்து பார்க்கலாம். கசியும் பெட்டியில் செய்யவே கூடாது. சூட்டில் ரசாயனம் கட்டியான பெட்டிக்கு இது பலிக்காது. இரண்டு நாள் குளிர்ந்து மறுபடி நின்றால் அந்த முயற்சியை அதோடு விட்டுவிடுங்கள்.

யூனிட்டுக்குக் கேஸ் நிரப்பித் தருகிறேன் என்று சாதாரண ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதில் நிரப்பும் வால்வு கிடையாது. உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அளந்து வைத்து அடைத்தவை. வெல்டிங் வைக்கவோ அறுக்கவோ போனால் 20 பார் அழுத்தத்தில் தீப்பற்றும் வாயு வெளியே வரும். முழு யூனிட்டையும் புதிதாக வாங்கி மாற்றுவதுதான் முறை. பழைய மாடலுக்கு அது கிடைப்பதே சிரமம், விலையும் கட்டுப்படியாகாது. பெட்டியும் கதவும் நன்றாக இருந்தால் ஐஸ் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

எடைக்குப் போடுவதாக இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "பின்னாடி குழாய்ல அம்மோனியா இருக்கு, அறுக்கக் கூடாது, நெருப்பு வெச்சுடாதீங்க." சுண்ணாம்புக்கட்டியால் குழாய் மேலேயே பெரிதாக எழுதியும் அனுப்புங்கள், ஏனென்றால் உங்களிடம் வாங்குகிறவர் வேறு, கடையில் அதை உடைக்கிறவர் வேறு.